ஒரே பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தவன்

"அந்த டீச்சர் உயிருக்கு யாரோ குறி வச்சிருக்காங்க மேடம்" என்றான் பெரியவன்.

சொல்லிவிட்டு மேஜை மேலிருந்த திரையை வந்தவர்கள் பக்கம் திருப்பினான். மேடத்தோடு வந்த துணுக்கு எட்டிப் பார்த்தான். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

"நல்லா பாருங்க. 'முகாம் டீச்சர் யார், விவரம் கொடு.' அடுத்த வரி? 'முகாம் டீச்சர் யார், விவரம் கொடு.' நடுவுல நாலஞ்சு வேற பேரு. திரும்பவும் டீச்சர். காலையில இருந்து ஒரு நொடி நிக்கலை. எவனோ ஒருத்தன் நம்ம டேட்டாபேஸுக்குள்ள உட்கார்ந்துகிட்டு அந்தம்மாவைப் பத்தியே துருவித் துருவிக் கேட்டுகிட்டிருக்கான்."

"கல்யாண புரோக்கரா இருக்கும்" என்றான் துணுக்கு.

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. வாய் பழக்கத்தில் சொன்னது. கை தன் பாட்டுக்குக் கைப்பேசியில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தது. நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது. அது அவன் அக்காவின் எண்.

ஆற்றங்கரைத் தெருவில் அக்கா வீடு. கீழ்த்தளம் முழுகியாயிற்று. அக்கா, அவள் மாமியார், இரண்டு குழந்தைகள், நாலு பேரும் மொட்டை மாடியில். அத்தான் வெளியூரில் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் அணையின் மதகுகளைத் திறந்தே ஆக வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். திறந்தால் அந்தத் தெருவில் மொட்டை மாடி என்பதே மிஞ்சாது.

மீட்புக் கட்டுப்பாட்டு அறைக்கு அவன் கூப்பிடாமல் இல்லை. பாதி நேரம் லைன் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரு தடவை, தொண்டை கட்டிய ஒரு குரல், "மீட்புப் பலகையில போடுங்க சார், படகுக்காரங்க எல்லாரும் அதைப் பார்த்துதான் போறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டது. அக்கா காலையிலேயே போட்டுவிட்டாள். ஆனால் பலகைதான் யாருக்கும் திறக்கவில்லை.

மீட்புப் பலகை என்பது இந்த மாடி அறையில் இருந்து பெரியவன் நடத்தும் இணையதளம். யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று யார் வேண்டுமானாலும் அதில் பதிவு போடலாம். எல்லாப் பதிவும், ஒவ்வொன்றுக்கும் போகும் வழியோடு, அந்த ஒரே பக்கத்தில்தான் வரிசையாக நிற்கும். உதவிக்கு வந்த படகுக்காரர்கள் அதைப் பார்த்துப் போய் ஆட்களை ஏற்றுவார்கள். ஊர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் எல்லோருக்கும் கண். காலை முதல் அந்தக் கண் மூடிக்கிடந்தது. பக்கத்தைத் திறந்தால் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், கடைசியில் வெள்ளைத்தாள்.

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார் மேடம்.

வங்கி மோசடிகளைப் பிடிக்கும் பிரிவில் தலைநரைக்கும் வரை வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள் அவர். எதைச் சொன்னாலும் கேள்விக்குறியில்தான் முடிப்பார் என்பதால் கொக்கி மேடம் என்று பெயர். அவர் உதவியாளன், மூடிப்போன ஒரு வாரப் பத்திரிகையில் பக்கம் நிரப்பத் துணுக்கு எழுதிக்கொண்டிருந்தவன். பத்திரிகை போனது, பெயர் தங்கியது.

"சந்தேகமே இல்ல. என் தம்பி" என்றான் பெரியவன். "இந்தத் தளத்தை எழுதினவனே அவன்தான். 'இன்னும் தயாராகலை, கூட்டம் வந்தா படுத்துடும், பொறு'ன்னான். மழை உனக்காகப் பொறுக்குமாடான்னு கேட்டேன். வாய்ச்சண்டை வளர்ந்து போயிட்டான். நான் சாவியை மாத்திட்டேன். நேத்து பூரா அவன் கம்ப்யூட்டர்ல இருந்து கதவைத் தட்டிப் பார்த்திருக்கான் மேடம். வேற வேற கடவுச்சொல் போட்டுப் போட்டு. அத்தனையும் பதிவாகியிருக்கு. காலையில போலீஸ்ல புகார் கொடுத்தேன். கூட்டிட்டுப் போயிட்டாங்க."

கூடப்பிறந்தவனைப் பிடித்துக்கொடுத்தவனின் குரலில் வெற்றி இல்லை. மூன்று நாள் தூங்காத கண்கள் சிவந்து கிடந்தன. மேஜையில் யாரோ வைத்த பன் கடிக்கப்படாமல் காய்ந்திருந்தது.

"அவன் இப்ப ஸ்டேஷன்ல?"

"ஆமா."

"கையில கம்ப்யூட்டர் இல்ல. இல்லையா?"

"பறிமுதல் பண்ணிட்டாங்க."

"அப்ப இது யாரு?" மேடம் ஓடும் வரிகளை விரலால் காட்டினார்.

பெரியவன் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். "கூட்டாளி எவனாவது..."

"வாசல்ல இப்ப எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு பார்க்க முடியுமா? தளத்துக்கு வெளியிலிருந்து வர்றவங்க?"

பெரியவன் திரையில் வேறொரு ஜன்னலைத் திறந்தான். "சில நூறு பேர். வழக்கமா வர்றவங்கதான். படகுக்காரங்க, சொந்தக்காரங்க."

"உள்ளே டேட்டாபேஸ்கிட்ட எத்தனை கேள்வி வருது?"

"அது... லட்சக்கணக்குல."

"வாசல்ல சில நூறு பேர் நுழையிறான். சமையல்கட்டுல லட்சம் பேர் தட்டை நீட்டறான்" என்றான் துணுக்கு. "சுவரேறிக் குதிச்சிருப்பானுங்களோ?"

மேடம் அவனை உற்றுப் பார்த்தார். கிண்டல் என்று தள்ளாமல், கையில் வாங்கி எடை பார்ப்பது போலப் பார்த்தார். "சுவரேறினா தடம் இருக்குமே, இருக்கா?"

"இல்ல மேடம்" என்றான் பெரியவன். "ஒரு தடமும் இல்ல. அதுதான் பயமா இருக்கு."

"உன் அக்கா பதிவு மட்டும் உனக்கு எப்படித் திறக்குது துணுக்கு? வர்ற வழியெல்லாம் அதைத்தானே பார்த்துகிட்டு வந்தே?"

துணுக்கு கைப்பேசியைக் காட்டினான். "அக்கா தனியா அந்த ஒரு பதிவோட லிங்கை அனுப்பிச்சா. அது திணறித் திணறியாவது வந்துடுது. எல்லாப் பதிவும் இருக்கிற பக்கம்தான் வர்றதே இல்ல."

"ஊரையே கொளுத்த வந்தவன் ஒரு குடிசையை மட்டும் எதுக்கு விட்டு வச்சான்?" மேடம் குடையை எடுத்தார். "அந்த டீச்சர் எங்க இருப்பாங்க?"

வெளியே வானம் பகலை விழுங்கிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரின் பாதிச் சக்கரம் தண்ணீரில். துணுக்கு ஓட்ட, பின்னால் மேடம் குடையைப் பிடித்தார். குடை மேடத்தையும் காக்கவில்லை, துணுக்கையும் காக்கவில்லை. பிடித்திருக்கிறோம் என்ற ஆறுதலுக்கு மட்டும்.

"மேடம், டீச்சரைப் போய்ப் பார்க்கிற நேரத்துக்கு நான் ஆற்றங்கரைத் தெருவுக்கு நீந்தியே போயிடலாம்."

"உனக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வண்டியை ஓட்டறியா?"

அவன் ஓட்டினான். வழியில் ஒரு திருப்பத்தில், மரம் விழுந்து மறித்த தெருவின் முனையில், படகு ஒன்று கட்டப்பட்டுக் கிடந்தது. உள்ளே இரண்டு பேர் நனைந்துகொண்டு ஒரு கைப்பேசியை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஆற்றங்கரைத் தெருவுக்குப் போவீங்களா?" துணுக்கு கத்தினான்.

"எந்தப் பக்கமா போகணும்? நாங்க வெளியூருங்க" என்று அவர்களில் ஒருவன் கத்தினான். "வழி போட்டுக் காட்டற பக்கம் திறக்கவே மாட்டேங்குது. எங்கேன்னு போறது? போன தடவை தெரியாம போய்ச் சுவத்துல இடிச்சு ஒரு படகு போச்சு."

துணுக்கு வழியை வாயால் சொல்லத் தொடங்கினான். மூன்றாவது திருப்பத்திலேயே அவனுக்கே குழம்பியது. அவன் சொன்ன கடையும் பெயர்ப் பலகையும் இப்போது தண்ணீருக்கு அடியில் இருந்தன. படகுக்காரன் தலையை ஆட்டினான். புரிந்த ஆட்டல் இல்லை அது. மேடம் துணுக்கின் தோளைத் தொட்டார். வண்டி நகர்ந்தது. அதன் பிறகு கொஞ்ச தூரத்துக்கு அவன் வாயிலிருந்து ஒரு நகைச்சுவையும் வரவில்லை.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில். பெஞ்சுகளை ஒட்டிப் போட்டுப் படுக்கையாக்கியிருந்தார்கள். ஈரத்துணியும் பால்மாவும் மருந்தும் கலந்த வாடை. தாழ்வாரக் கோடியில் ஒரு நாற்காலியில் டீச்சர். நாற்பது வயதிருக்கும். குரல் போய் வெறும் காற்றாக வந்தது. கையில் ஒரு கைப்பேசி. அதன் வால் ஒரு கார் பேட்டரியில் செருகியிருந்தது. எதிரே நீண்ட வரிசை.

"உங்களுக்கு எதிரிங்க யாராவது உண்டா டீச்சர்?" மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நான் கணக்கு டீச்சர். ஊர்ல பாதிப் பேர் எதிரிதான்." டீச்சர் நிமிரவே இல்லை. வரிசையில் நின்ற முதியவர் சொன்ன விலாசத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "வேற ஏதாவது கேட்கணுமா? ஆளுங்க நிக்கிறாங்க."

"மீட்புப் பலகைக்குள்ள புகுந்து யாரோ உங்களைப் பத்தியே விசாரிச்சுகிட்டிருக்காங்க. உங்க பேரு, நம்பர், படம். காலையில இருந்து நிறுத்தாம. யாரா இருக்கும்?"

டீச்சர் இப்போது நிமிர்ந்தார். முகத்தில் பயம் எட்டிப் பார்த்தது. "என்னையா? எதுக்கு? என் வீட்டுக்காரர் கூட என்னை இவ்வளவு விசாரிச்சதில்லையே."

துணுக்குக்கு முதல் தடவையாக அந்த அம்மாளைப் பிடித்துப்போனது.

"நீங்க கடைசியா பலகையில என்ன போட்டீங்க? காட்டறீங்களா?"

டீச்சரின் கைப்பேசியில், அவர் போட்டவை மட்டும் சேமிப்பாக நின்றன. மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "துணுக்கு, ஒவ்வொண்ணா படிக்கிறியா? எவனாவது டீச்சர் பேருல கள்ளப் பதிவு போட்டிருக்கலாம், இல்லையா?" என்றார்.

துணுக்கு படித்தான். "மில் காம்பவுண்டு பின்னால, கர்ப்பிணிப் பெண் ஒருத்தர். இது நீங்க போட்டதா?"

"நான்தான்."

"தண்ணித் தொட்டி மேல மூணு பேர். இது?"

"நான்தாங்க."

"சின்ன பாலத்துக்கிட்ட கண்ணு தெரியாத தாத்தா. இது யார் போட்டது?"

"நான்தான்."

"பஸ் டிப்போ கூரை மேல டிரைவரும் கண்டக்டரும். இது?"

"தம்பி!" காற்றுக் குரல் கீச்சென்று உடைந்தது. "எல்லாமே நான் போட்டதுதான். இங்க யாருகிட்டயும் போன் இல்ல. நனைஞ்சு போச்சு, ஆத்தோட போச்சு. எல்லாருக்கும் என் போன்ல இருந்துதான் போடறேன். எத்தனை தடவை இதையே கேப்பீங்க? ஒரு தடவை சொன்னா மனசுல வச்சுக்க மாட்டீங்களா? ஒவ்வொண்ணுக்கும் யாரு யாருன்னு!"

துணுக்கு மன்னிப்புக் கேட்கத் திரும்பினான். மேடத்தின் முகம் கண்ணில் பட்டது.

மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரோடு.

"டீச்சர், அதை இன்னொரு தடவை சொல்றீங்களா?"

"எதை?"

"துணுக்கு, புரியுதா உனக்கு? உள்ளே உட்கார்ந்துகிட்டு டீச்சரை விசாரிக்கிறவன் யாருன்னு?"

"யாரு மேடம்?"

"நீதான். இப்ப நீ பண்ணினதைத்தான் பலகையோட பக்கம் பண்ணிகிட்டிருக்கு. படகுக்காரன் ஒருத்தன் பலகையைத் திறக்கிறான். பக்கம் எல்லாப் பதிவையும் வாங்குது. அதோட விட்டதா? முதல் பதிவைப் பார்த்து, இது யார் போட்டதுன்னு டேட்டாபேஸ்கிட்ட ஓடுது. டீச்சர்னு பதில். ரெண்டாவது பதிவு. திரும்ப ஓடுது. டீச்சர். மூணாவது. டீச்சர். கேட்டதை மனசுல வச்சுக்கத் தெரியாத ஒரு மடையனை வாசல்ல நிறுத்தியிருக்காங்க. நூறு பேர் திறந்தா நூறு மடையன். அத்தனை பேரும் ஒரே கதவுல முட்டினா வீடு என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப தாக்குதலே இல்லையா?" என்றான் துணுக்கு.

"திருடன் வந்தா சுவத்துல தடம் இருக்கும்ல? வேலைக்காரன் வந்தா எதுக்குத் தடம்? உன் அக்காவோட ஒத்தைப் பதிவு ஏன் திறக்குது? அங்க ஒரே ஒரு தடவைதானே கேக்கணும்?"

டீச்சர் தன் கைப்பேசியைப் பார்த்தார். அடுத்து நின்ற பெண் ஒரு தெருவின் பெயரைச் சொன்னாள். டீச்சர் தட்டத் தயங்கினார். "அப்ப நான் போடப் போடத்தான் படுத்துதா? நான் போட்டதாலதானா இவ்வளவும்?"

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல டீச்சர். நீங்க நிறுத்தினா இவங்களுக்கு யார் இருக்கா?" மேடம் அவர் தோளை அழுத்திவிட்டு எழுந்தார். "துணுக்கு, போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?"

"அண்ணன்காரனுக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாமே மேடம்?"

"தம்பி போனப்புறம் உள்ளே கை வச்சவன் அண்ணன்தானே, மடையனை நிறுத்தினது யாருன்னு நினைக்கிறே? நிறுத்தினவனுக்கு எடுக்கத் தெரிஞ்சா, காலையிலேயே எடுத்திருக்க மாட்டானா?"

காவல் நிலையத்தில் முட்டளவு தண்ணீர். கோப்பு அலமாரிகளை மேஜை மேல் ஏற்றியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பேன்ட்டை மடித்துவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூலையில் பெஞ்சின் மேல் குத்துக்காலிட்டு இளையவன். முகச்சாயல் அண்ணனை உரித்து வைத்திருந்தது.

மேடம் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் கால்கள் தாமாகத் தண்ணீரில் இறங்கின.

"பதிவுக்குப் பக்கத்துல பேரும் நம்பரும் படமுமா? நான் எழுதினதுல அது இல்லையே. வெறும் பதிவு மட்டும்தான் வரும். அண்ணன் சேர்த்திருக்கான்." அவன் நெற்றியில் அறைந்துகொண்டான். "பதிவு ஒவ்வொண்ணுக்கும் போட்டவர் யாரு, நம்பர் என்ன, கீழே பதில் எத்தனை... அப்ப ஒருத்தர் ஒரு தடவை திறந்தாலே நூத்துக்கணக்குல கேள்வி போகும். நேத்து தளம் தள்ளாடினப்பவே உள்ளே ஏதோ இப்படித்தான் ஓடுதுன்னு நினைச்சேன்."

"அதனாலதான் சாவி மாத்தி மாத்திப் போட்டியா?" என்றார் மேடம்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

இளையவன் தலையைக் குனிந்தான். "அண்ணன் போனை எடுக்கலை. பதினெட்டு தடவையோ என்னமோ கூப்பிட்டேன். சரி, பழைய கடவுச்சொல்லா இருக்கும், இதுவா இருக்கும் அதுவா இருக்கும்னு போட்டுப் பார்த்தேன். உள்ளே போய்ச் சரிபண்ணிட்டு வந்துடலாம்னுதான். காலையில கதவைத் தட்டினாங்க. அண்ணன்னு நினைச்சு ஓடிப் போய்த் திறந்தேன். போலீஸ்."

துணுக்கு இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். "சார், தீயணைக்க வந்தவனைக் கொள்ளைக்காரன்னு பிடிச்சுட்டீங்க."

"புகார் வந்தா நான் என்ன பண்றது?" என்ற இன்ஸ்பெக்டரின் பார்வை, பாலித்தீன் உறையில் அரக்கு வைத்துக் கட்டியிருந்த கம்ப்யூட்டர் மேல் போய் நின்றது. "அது சாட்சிப் பொருள். சீலை உடைச்சா என் வேலைக்கு ஆபத்து."

சுவரில் தொங்கிய வயர்லெஸ் கரகரத்தது. மதகு திறக்கும் நேரத்தை முன்னதாக்கியிருக்கிறார்கள், ஆற்றோரத் தெருக்களுக்கு இதுவே கடைசி எச்சரிக்கை என்றது ஒரு குரல். துணுக்கு சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். நாலு முகங்கள் அவன் கண்ணுக்குள் வரிசையாக வந்தன. சின்ன மகளுக்கு இடி என்றால் பயம். காதைப் பொத்திக்கொண்டு அக்கா இடுப்பில் முகம் புதைப்பாள்.

"சார்," என்றான். "சார்."

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்த் தன் கையாலேயே உறையைக் கிழித்தார்.

மேடம் பெரியவனைக் கைப்பேசியில் பிடித்து, ஒலியைக் கூட்டி மேஜையில் வைத்தார். விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொன்னார்.

"அவன் கையில சாவியைக் கொடுக்கச் சொல்றீங்களா மேடம்?"

"வேற யார் கையில கொடுக்கிறது?"

"போன மழையில ஒரு வீட்டுக்குப் படகு போச்சு. ஆள் எங்கேன்னு தெரியலை. கூப்பிட நம்பர் இல்ல. திரும்பி வந்துட்டாங்க. அந்த வீட்டுல..." என்று நிறுத்தினான் பெரியவன். "அதனாலதான் பேரு, நம்பர் எல்லாம் பக்கத்துலயே வர்ற மாதிரி போட்டேன். நல்லதுன்னு நினைச்சுப் போட்டேன்."

"போட்டது தப்பில்ல அண்ணா" என்றான் இளையவன்.

சண்டைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது.

"போட்டது ரொம்பச் சரி. கேட்ட விதத்தை மட்டும் மாத்தணும். கடவுச்சொல்லைச் சொல்லு."

"அது... நீ என்ன நினைப்பியோ."

"சொல்லு அண்ணா, நேரமில்ல."

"துரோகிதம்பி."

இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். துணுக்கு தன் கால்விரல்களைத் தேடினான், தண்ணீருக்குள் தெரியவில்லை.

இளையவனின் விரல்கள் விசைப்பலகை மேல் அந்தரத்தில் நின்றன. "சேர்த்தா, இடைவெளி விட்டா?"

"சேர்த்து. ஆங்கில எழுத்துல."

தட்டினான். தளத்தின் கதவு திறந்தது.

அதன்பின் அவன் பேசியது பாதி தனக்குத்தானே. "முதல்ல பதிவையெல்லாம் மொத்தமா வாங்கிக்கறேன். அதுல யார் யார் போட்டிருக்காங்கன்னு பொறுக்கறேன். டீச்சர் எத்தனை தடவை வந்தாலும் ஒரு தடவை எடுத்துகிட்டா போதும். பொறுக்கின ஆளுங்க விவரம் எல்லாத்தையும் ஒரே கேள்வியா கேக்கறேன். பதில் எண்ணிக்கை எல்லாம் சேர்த்து இன்னொரு கேள்வி. அவ்வளவுதான். மூணு நடை. அப்புறம் வாங்கி வச்சதை எடுத்து அந்தந்தப் பதிவு பக்கத்துல ஒட்டிடறேன்."

"மடையனுக்கு மூளை வைக்கிறே" என்றான் துணுக்கு.

"கையில ஒரு பையைக் கொடுக்கறேன். அவ்வளவுதான்."

முடித்துவிட்டு அவன் கையை எடுத்தான். துணுக்கு தன் கைப்பேசியில் பலகையைத் திறந்தான். வட்டம் சுற்றியது. சுற்றியது. வெள்ளைத்தாள்.

மறுபடி. வெள்ளைத்தாள்.

"வரலை" என்றான். குரல் அவனுடையது போலவே இல்லை. "வரலைடா!"

இளையவன் திரையை வெறித்தான். உதட்டைக் கடித்தான். "பழைய கேள்வியெல்லாம் இன்னும் உள்ளே அடைச்சுகிட்டு நிக்குது. காலையில இருந்து நிக்கிற கூட்டம். அண்ணா, சர்வரை ஒரு தடவை முழுசா நிறுத்திக் கிளப்பணும். அது உன் பக்கத்துல இருந்துதான் முடியும்."

"நிறுத்தறதா?" பெரியவன் அலறினான். "போட்ட பதிவெல்லாம் போயிடுச்சுன்னா? அத்தனை பேரோட விலாசம்டா!"

"ஒண்ணுகூடப் போகாது. நான் எழுதினது அண்ணா. எனக்குத் தெரியும்."

"போயிடுச்சுன்னா?"

"நான் துரோகியா இருந்தா போகும்" என்றான் இளையவன். "இல்லேன்னா போகாது."

அப்புறம் கைப்பேசியில் ஒரு விசை தட்டும் சத்தம் கேட்டது.

துணுக்கு பெருவிரலை அழுத்தினான். வட்டம் ஒரு சுற்று கூட முடிக்கவில்லை. பதிவுகள் சரசரவென்று வந்து விழுந்தன. மில் காம்பவுண்டு. தண்ணித் தொட்டி. கண் தெரியாத தாத்தா. பக்கத்தில் டீச்சரின் வட்டமான முகம், மறுபடி டீச்சர், மறுபடி டீச்சர். ஒவ்வொன்றின் கீழும் புதுப் பதில்கள் முளைக்கத் தொடங்கின. கிளம்பிட்டோம். பக்கத்துலதான் இருக்கோம். எத்தனை பேர்?

கீழே, இன்னும் கீழே, அக்கா. அவள் பதிவின் அடியில் ஒரு வரி: மரம் விழுந்த தெருவில் இருந்து புறப்படுகிறோம்.

மேடம் ஒன்றும் கேட்காமல் துணுக்கின் பக்கத்தில் வந்து நின்றார். இளையவன் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மேஜை மேல் இருந்த கைப்பேசியில் பெரியவன் அழுவது கேட்டது, யாரும் அணைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"டேய், நான்தான்டா." மழையும் மோட்டார் சத்தமும் மேலே விழுந்து மூடின. "படகுக்காரர் போன். குழந்தைகளையும் அத்தையையும் ஏத்திட்டேன். அத்தை என் காலைப் பிடிச்சுகிட்டு அழறாங்க, நீ பேசிச் சமாதானம் பண்ணு."

"அக்கா நீ?"

"படகு நிறைஞ்சுடுச்சு. பின் வீட்டு மாடியில இருந்து ஒரு அம்மா கைக்குழந்தையோட தாவி வந்துச்சு. அதை விட்டுட்டு நான் ஏற முடியுமா? அடுத்த படகுல வரேன். பலகையில ஒண்ணு போடு. வைக்கிறேன், போனைத் திருப்பிக் கொடுக்கணும்."

"அக்கா!"

போய்விட்டாள். இன்ஸ்பெக்டரின் வயர்லெஸ்ஸில் மதகு என்ற சொல் மறுபடி வந்தது. துணுக்கு தட்டினான். பத்திரிகையில் எழுதிச் சோறு தின்றவன் எழுத்துப் பிழை பார்க்கவில்லை. ஆற்றங்கரைத் தெரு, மாடி, ஒரு பெண், தனியாக. அழுத்தினான். அடுத்த நொடி பதிவு பலகையின் உச்சியில் நின்றது. ஐந்து எண்ணுவதற்குள் கீழே பதில்: பக்கத்துத் தெருவில் இருக்கோம். எல்லா மாடியும் ஒரே மாதிரி இருக்கு. வெள்ளைத் துணி ஆட்டச் சொல்லுங்க.

எப்படிச் சொல்வது? அக்காவின் போன் அணைந்து கிடக்கிறது. அவன் படகுக்காரர் எண்ணைத் திரும்ப அழைத்தான். கடவுளே, எடுக்கட்டும், எடுக்கட்டும்.

எடுத்தார்.

"அண்ணே, ரொம்ப தூரம் வந்துட்டீங்களா? மாடிக்குக் கேக்குமா? துணி ஆட்டச் சொல்லுங்க, வெள்ளைத் துணி!"

படகுக்காரர் அடித்தொண்டையில் கத்தியது காவல் நிலையம் முழுக்கக் கேட்டது. பதிலுக்கு, மிகத் தொலைவில், காற்று கிழித்து எடுத்துவந்த ஒரு பெண் குரல். அவனுக்குத் தெரிந்த குரல். கோபமாக இருந்தது.

"என்னண்ணே சொல்றா?"

"வெள்ளைன்னு எங்க இருக்கு, எல்லாம் சேறு நிறம்கிறாங்க. சின்னப் பொண்ணோட சிவப்புப் பாவாடை ஒண்ணு இருக்காம். அதை ஆட்டட்டுமான்னு கேக்கறாங்க."

"ஆட்டச் சொல்லுங்க!"

இடது கையில் கைப்பேசியைப் பிடித்தபடி, இளையவன் நீட்டிய கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் துணுக்கு தட்டினான்: வெள்ளை இல்லை. சிவப்பு.

மேடம், இன்ஸ்பெக்டர், இளையவன், மூன்று பேரும் அவன் தோளுக்கு மேல் குனிந்திருந்தார்கள். பலகை ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டது. ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. ஒன்றுமில்லை.

மூன்றாவது தடவை அவன் பதிவின் கீழே ஒரே ஒரு சொல் வந்து நின்றது.

தெரியுது.